சாய்கோட்டுக்கு வலப்பக்கம்

தஞ்சோங் கிளிங் என்ற ஊர்ப்பெயரைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். அச்சிட்டாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். வேறுபாடு ‘சோ’ என்ற எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒருங்குறியில் ஓகாரக் குறிக்கென்று தனி எண் உண்டு. அதை விட்டுவிட்டு, ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே ‘சோ’தான் வரும். முதல் வழியில் ‘தஞ்சோங்’ ஏழு குறியீடுகள். இரண்டாம் வழியில் எட்டு. இரண்டும் ஒரே சொல்தான் என்று ஒருங்குறித் தரமே எழுதிவைத்திருக்கிறது. ஆனால் இணைய வழங்கி பல நேரங்களில் ஒன்றுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். மற்றொன்றுக்கு 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று கையை விரிக்கும்.

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே கடலோரமாகப் போனால், மலாய் வீரர் ஹங் துவாவின் சமாதி என்று சொல்லப்படும் இடம் இருக்கும் ஊர் அது. தென்னிந்தியரைக் குறிக்க மலாய் உலகம் ஒரு காலத்தில் வழங்கிய சொல்லைத் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது. பின்னாளில் அந்தச் சொல் வசையாகிப் புண்படுத்தியதும் நமக்குத் தெரியும். இந்த ஊரை நான் எடுத்துக்கொண்டதற்கு அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. மலாய் ஊர்ப்பெயர்களில் ஓகார ஒலி மிகுதி. தமிழில் எழுதும்போது அது ‘ோ’ என்ற குறியாக வந்து உட்காருகிறது: கோலாலம்பூர், ஜோகூர், ஈப்போ, அலோர் காஜா. சிறு சந்து எனப் பொருள்படும் ‘லோரோங்’ என்ற சொல்லில் இரண்டு ஓகாரங்கள். ஆகவே கணினிக்குள் அந்த ஒரு சொல்லுக்கு நான்கு வடிவங்கள். ஆள்களும் கோயில்களும் பள்ளிகளும் தங்கள் இருப்பிடத்தைத் தமிழில் எழுதும் நாடுகளில், இந்தச் சிக்கல் மலேசியாவைத் தொடும் அளவுக்கு வேறு நாட்டைத் தொடுமா என்பது எனக்கு ஐயமே.

வழங்கி ஏன் இப்படி நடந்துகொள்கிறது? நாம் தட்டும் முகவரியை அது ஒரே சொல்லாகப் படிப்பதில்லை, வெட்டிப் பிரிக்கிறது. முதலில் நெறிமுறை, பிறகு தளத்தின் பெயர், வாயில் எண், அதன்பின் சாய்கோட்டில் தொடங்கும் பாதை, கேள்விக்குறிக்குப் பின்னே வினவல். டிம் பெர்னர்ஸ்-லீயும் துணைவர்களும் 1994இல் ஆர்.எஃப்.சி. 1738 என்ற ஆவணத்தில் எழுதி, 2005இல் ஆர்.எஃப்.சி. 3986 ஆகத் திருத்திய இலக்கணம் இது. அந்த இலக்கணத்துக்குத் தெரிந்த எழுத்துகள் ரோமன் எழுத்துகளும் இலக்கங்களும் சில குறிகளும் மட்டும். தமிழ் அதற்குள் நுழைய வேண்டுமானால் பைட்டுகளாக உடைய வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாறும். ஆகக் குறியீடு ஒன்றுக்கு ஒன்பது இடம். ரோமனில் பன்னிரண்டு எழுத்தில் முடியும் தஞ்சோங் கிளிங், தமிழில் 13 குறியீடு. முகவரிக்குள் போகும்போது இடைவெளி நீங்கலாக 117 இடத்தைப் பிடிக்கிறது.

நீளத்தை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். கம்பிக்குள் ஓடும் நீளம் யார் கண்ணுக்கும் படுவதில்லை. என் கேள்வி அடுத்த கட்டத்தைப் பற்றியது. பாதையைப் பைட் பைட்டாக ஒப்பிட்டு, ஒரு பைட் மாறினாலும் வேறு முகவரி என்று தீர்ப்பளிக்கும் இந்த வழக்கம் சரியா, தவறா?

சரி என்று சொல்வதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அவற்றைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. இணையத்தின் தொடக்கக் காலத்தில், 1980இல், ஜான் போஸ்டல் ஒரு நெறியை எழுதினார்: அனுப்பும்போது கண்டிப்பாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்பது அதன் கருத்து. அந்தத் தாராளத்துக்கு 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். வழங்கி விலை கொடுத்தது. சாய்கோடு ஒரே பைட்டில் எழுத வேண்டிய குறி. தாக்க வந்தவர்கள் அதை இரண்டு பைட்டாக நீட்டி, விதிக்குப் புறம்பாக எழுதி அனுப்பினார்கள். பாதையில் மேலே ஏறும் இரட்டைப் புள்ளி, சாய்கோடு இருக்கிறதா என்று வழங்கி முதலில் சோதித்தது. நீட்டிய வடிவம் அந்தச் சோதனையில் பிடிபடவில்லை. சோதனை முடிந்த பிறகு அதே வழங்கி அந்த வடிவத்தைச் சாய்கோடாகப் படித்துக்கொண்டது. வாசலில் மறைத்துவந்த சாவியைக் காவலாளியே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்த கதை. அடுத்த ஆண்டு இருமுறை அவிழ்க்கும் தவறு ஒன்றும் வெளிப்பட்டது. 2001 செப்டம்பரில் உலகமெங்கும் பரவிய நிம்டா புழு, தான் நுழையப் பயன்படுத்திய வழிகளில் இந்தத் துளைகளையும் சேர்த்துக்கொண்டது.

இருபது ஆண்டு கழித்தும் பாடம் முழுமையாகப் படியவில்லை. அப்பாச்சி வழங்கியின் 2.4.49 பதிப்பில் பாதையைச் சீராக்கும் நிரல் மாற்றப்பட்டது. சதவீதக் குறியிட்டு எழுதிய புள்ளியை அந்தப் புதிய நிரல் ஒரு நிலையில் கவனிக்கத் தவறியது. 2021 அக்டோபரில் துளை வெளியே வந்தது. 2.4.50இல் அடைத்தார்கள். இருமுறை குறியிட்டு அனுப்பினால் அந்த அடைப்பும் திறந்துகொண்டது. ஒரே வாரத்துக்குள் 2.4.51 வர வேண்டியிருந்தது. இதையெல்லாம் பார்த்த ஒரு பொறியாளர், ‘பைட்டைத் தொடாதே, வந்ததை வந்தபடியே ஒப்பிடு’ என்று சொன்னால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது. கண்டிப்பு காப்பாற்றிய இடங்கள் பல.

ஆனால் அந்தக் கண்டிப்பு எல்லா எழுத்துக்கும் ஒரே அளவாக நடத்தப்படுவதில்லை. தளப் பெயரில் பெரிய ‘ஏ’யும் சின்ன ‘ஏ’யும் வேறு வேறு பைட்டுகள். ஆனால் 1987இல் வந்த ஆர்.எஃப்.சி. 1035, பெயர்களை ஒப்பிடும்போது இவை இரண்டும் ஒன்றே என்று வைத்துவிட்டது. பெயரைப் பெரிய எழுத்தில் தட்டியவரையும் சின்ன எழுத்தில் தட்டியவரையும் ஒரே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற மனித நியாயம் அன்றே புரிந்திருந்தது. பாதையிலும்கூட, என்ஜின்எக்ஸ் வழங்கி சதவீதக் குறிகளை அவிழ்த்து, புள்ளிகளைத் தீர்த்து, அடுத்தடுத்து வரும் இரண்டு சாய்கோடுகளை ஒன்றாக்கிய பிறகுதான் ஒப்பிடுகிறது. ‘பாதையைத் தொடமாட்டோம்’ என்பது நடைமுறையில் இல்லாத கொள்கை. தொடுகிறார்கள், ரோமன் எழுத்தில் எழுதுபவருக்கு இடறும் இடத்தில் மட்டும் தொடுகிறார்கள்.

இதைவிட வியப்பான ஒன்று முகவரியின் நடுவிலேயே இருக்கிறது. தளப் பெயரைத் தமிழில் எழுதினால், உலாவி அதைப் பியூனிகோட் என்ற ரோமன் வேடத்துக்கு மாற்றி அனுப்புகிறது. 2003இல் ஆடம் காஸ்டெல்லோ எழுதிய முறை அது. அந்த மாற்றத்துக்கு முன்பு எழுத்துகள் ஒரே வடிவத்துக்குச் சீராக்கப்படுகின்றன; ‘சோ’வை ஒரே குறியாக எழுதினாலும் கொம்பும் காலுமாக எழுதினாலும் ஒரே தளத்துக்குத்தான் போய்ச் சேரும். சாய்கோட்டைத் தாண்டியதும் அந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. உலாவி பாதையை அப்படியே பைட்டாக்கி அனுப்புகிறது. வழங்கி அப்படியே ஒப்பிடுகிறது. ஆக, தஞ்சோங் என்ற ஒரே சொல் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் ஒரு பெயர். வலப்பக்கம் போனால் இரண்டு பெயர். பன்மொழி முகவரிகளுக்காக 2005இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 3987 இந்தப் பிளவை அறிந்தே விட்டுவைத்தது. முகவரியை உருவாக்குபவர் முன்னதாகவே எழுத்துகளைச் சீராக்கியிருப்பார் என்று எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது சீராக்கக்கூடாது என்பது அதன் நிலை. அந்த ‘எடுத்துக்கொள்’ என்ற சொல்லில்தான் பொறுப்பு கைமாறி, கடைசியில் ஒருவர் கையிலும் இல்லாமல் போகிறது.

முகவரியை உருவாக்குபவர் யார்? பெரும்பாலும் ஒரு ஆள்கூட இல்லை. ஆப்பிள் மேக் கணினிகளில் பல ஆண்டுகள் இருந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற கோப்பமைப்பு, கோப்பின் பெயரிலுள்ள ஓகாரத்தைத் தானாகவே கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ் வழங்கியோ பெயரை வெறும் பைட்டுகளாக வைத்துக்கொள்ளும். மேக்கில் ‘தஞ்சோங்’ என்று பெயரிட்ட கோப்பை அந்தப் பெயரோடு லினக்ஸ் வழங்கியில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் அதே பெயரை விசைப்பலகையில் தட்டி இணைப்புக் கொடுத்தால் இணைப்பு அறுந்துபோகும். இணைப்பைக் கொடுத்தவர் பத்து முறை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார். பிழை தெரியாது, ஏனென்றால் அவர் பிழை செய்யவில்லை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களிலும் ஒகர ஓகாரங்கள் கொம்பாகவும் காலாகவும் பிரிந்தே இருந்தன. அங்கிருந்து கவனமின்றி மாற்றப்பட்ட பழைய கட்டுரைகள் அந்த உடைந்த வடிவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

வழங்கிக்கும் நிரலுக்கும் நடுவே எழுத்துகள் சிதைந்த வரலாறும் உண்டு. ஜாவா நிரல்களை ஓட்டும் டாம்கேட், 8ஆம் பதிப்புக்கு முன்புவரை, முகவரியின் பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகவே எடுத்துக்கொண்டது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கும்வரை தமிழ்ப் பாதை குப்பையாகவே நிரலுக்குப் போகும். பைத்தானின் வழங்கி இடைமுகமும் பாதையை அதே ஐரோப்பிய உறையில் சுற்றித்தான் இன்றுவரை கொடுக்கிறது. சட்டகங்கள் அதைப் பிரித்து மீண்டும் தமிழாக்கிக்கொள்கின்றன. இவை எல்லாம் தெரிந்தவருக்கு ஒரு நாள் வேலை. தெரியாதவரோ, ‘தமிழ் இணையத்துக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டி ரோமனுக்குப் போய்விடுகிறார்.

மலாக்காவிலேயே இன்னொரு பெயரை எடுத்துக்கொள்வோம். மலாக்கா செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் அதே தெருவில் நிற்கிறது. இந்த ஆலயத்தைப் பற்றி வேர்ட்பிரஸ்ஸில் ஒருவர் கட்டுரை எழுதி, ஆலயத்தின் பெயரையே தலைப்பாக வைக்கிறார் என்று கொள்வோம். வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பிலிருந்து முகவரியைத் தானே உண்டாக்கும். அதற்கு 200 இடங்கள் மட்டும் ஒதுக்கியிருக்கிறது. ரோமன் தலைப்புக்கு அது தாராளம். தமிழில் குறியீட்டுக்கு ஒன்பது என்று எண்ணினால் ‘ஸ்ரீ-பொய்யாத-விநாயகர்-மூ’ என்ற இடத்தில் 192 ஆகிவிடும். அடுத்த எழுத்துக்கு இடமில்லை. மூர்த்தியில் பாதியும் ஆலயம் முழுவதும் முகவரியிலிருந்து வெட்டுப்படும். பைட்டை எண்ணுகிறவனுக்கு 200 ஒரு வசதியான எண். சொல்லைப் படிக்கிறவனுக்கு அது தலைப்பின் கழுத்து.

அதே ஆலயப் பெயர், சீராக்கத்தால் எதைத் தீர்க்க முடியும், எதைத் தீர்க்க முடியாது என்பதையும் காட்டிவிடுகிறது. ‘பொ’வில் உள்ள ஒகரத்துக்கு இரண்டு வடிவங்கள், ஒருங்குறியின் சீராக்க விதி அவற்றை ஒன்றாக்கிவிடும். ‘ஸ்ரீ’ அப்படியல்ல. 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்ததிலிருந்து, அதைக் கொண்டும் ஸ்ரீயை எழுதலாம், பழைய ‘ஸ’வைக் கொண்டும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத் தெரியும். சீராக்க விதிக்கு இவை வேறு வேறு எழுத்துகள், ஒன்றாக்காது. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தையும் ‘ஒ’வுக்குப் பின் ‘ள’ போட்டதையும் அது பிரித்தே வைக்கும். அப்படி வைப்பதுதான் சரி, ஏனென்றால் எழுத்தே வேறு. இங்கே முகவரி தருபவர் ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு, மற்றதிலிருந்து வழிமாற்றம் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வேறுபாடு இருக்கிறது. அதற்கு வழங்கியைக் குறைசொல்லவே முடியாது. 1972இல் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது தஞ்சோங் ரோமனில் ‘தஞ்சுங்’ ஆனது. பழைய எழுத்தும் ஊரில் விட்டுப்போகவில்லை. கிளிங், கெலிங் என்று பின்சொல்லுக்கும் இரண்டு வழக்கு. தமிழில் தஞ்சோங் என்பாரும் உண்டு, தஞ்சுங் என்பாரும் உண்டு. இவற்றில் எது முகவரி என்பதை ஊர்க்காரர்கள் முடிவு செய்ய வேண்டும், இயந்திரம் ஊகிக்கக்கூடாது. ஒரே சொல் பல பைட்டாக இருப்பதும், ஒரே தோற்றம் பல எழுத்தாக இருப்பதும், ஒரே ஊர் பல சொல்லாக இருப்பதும் ஒரே சிக்கல் போலத் தோன்றும். முதலாவதை மட்டுமே நிரல் தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொண்டு ‘எழுத்துச் சிக்கல் எல்லாம் பயனர் பாடு’ என்று மொத்தமாகக் கைகழுவுவதைத்தான் இந்த வழக்கத்தின் பெரிய குறை என்பேன்.

அப்படியானால் வழங்கி பாதையைச் சீராக்க வேண்டியதுதானே என்று எளிதாகச் சொல்லிவிட முடியுமா? வரிசை தப்பினால் ஐ.ஐ.எஸ். கதை திரும்பும். 2019இல் பைத்தானின் முகவரி நூலகத்தில் ஒரு துளை வெளிப்பட்டது. தோற்றம் நெருங்கிய குறிகளையும் ஒன்றாக்கும் தாராளமான சீராக்க முறை ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு பிறகு சீராக்கினால், முகவரியை வெட்டும்போது இல்லாத சாய்கோடு திடீரென்று முளைக்கும். அந்தத் தாராள முறை முகவரிக்கு ஆகாது. தமிழுக்குத் தேவையான கண்டிப்பான முறையிலும் ஒரு கண்ணி உண்டு: கிரேக்க மொழியின் கேள்விக்குறி அந்த முறையில் அரைப்புள்ளியாக மாறும், பாதைக்குள் அரைப்புள்ளிக்குத் தனிப் பொருள் கொடுக்கும் வழங்கிகள் இருக்கின்றன. ஆகவே முதலில் சாய்கோடுகளில் வெட்டு. பிறகு ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு முறை அவிழ். பைட்டுகள் விதிப்படி இல்லையென்றால் மறு. அதன்பின் சீராக்கு. சீராக்கியதை மறுபடி வெட்டாதே. வந்த வடிவமும் சீரான வடிவமும் வேறாக இருந்தால், பக்கத்தைச் சும்மா கொடுத்துவிடாமல், 301 என்ற நிரந்தர வழிமாற்றத்தால் சீரான முகவரிக்கு அனுப்பு. அப்போதுதான் தேடுபொறியும் இடைக்கிடங்கும் ஒரே முகவரியைக் கற்றுக்கொள்ளும். கையெழுத்திட்ட இணைப்புகளுக்கும் கடவுக்குறிகளுக்கும் பயன்படும் பாதைகளை இதிலிருந்து விலக்கி வைக்கலாம். அங்கே பைட்தான் பொருள். கோ மொழியின் நூலகம் அவிழ்த்த பாதையையும், தேவைப்படும் இடத்தில் வந்தபடியான பாதையையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. இந்த வேலைக்கு அது நல்ல அடித்தளம்.

ரோமனிலேயே முகவரி வைத்துக்கொண்டால் இத்தனை தலைவலியும் இல்லையே என்ற மறுப்பை அடிக்கடி கேட்கிறேன். மதிக்கத் தக்க மறுப்புதான். நம் தளங்கள் பலவும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஆனால் ழகரத்தை ரோமனில் எழுத ஆளுக்கு ஒரு முறை; குறில் நெடில் வேறுபாடு பாதியில் காணாமல் போகும். இரண்டு பைட் வடிவங்களுக்கு அஞ்சி ஓடி, பத்து எழுத்துக்கூட்டலில் போய் விழுகிறோம். தமிழில் முடியும் என்பதற்குச் சான்றும் கண்முன் இருக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைத் தலைப்பையே முகவரியாக வைக்கிறது. அதன் மென்பொருள் தலைப்புகளை ஒரே வடிவத்துக்குச் சீராக்கிக்கொள்கிறது. ஒரு தலைப்புக்கு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடு இடம் கொடுக்கிறது. பொய்யாத விநாயகரின் 32 குறியீடும் நான்கு இடைவெளியும் அதற்குள் முழுதாக அடங்கும்.

இந்த வட்டாரத்துக்கு இதில் உரிமையும் உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். 1998 வாக்கில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் பன்மொழித் தளப் பெயர்களுக்கு முன்னோடி முயற்சி செய்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலாலும் செல்லினத்தாலும் விசைப்பலகையைத் தமிழர் கைக்குக் கொண்டுவந்தார். இலங்கையும் இந்தியாவும் சிங்கப்பூரும் 2010, 2011ஆம் ஆண்டுகளில் தமிழில் மேல்நிலைப் பெயர் பெற்றன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் அப்படி ஒரு பெயர் உண்டு, தமிழில் இல்லை. அது வந்தால் மகிழ்வேன். வந்தாலும் அது சாய்கோட்டுக்கு இடப்பக்கத்தைத்தான் தமிழாக்கும். அந்தப் பக்கத்தில் ‘சோ’ ஏற்கெனவே பத்திரமாகத்தான் இருக்கிறது. வலப்பக்கத்தைச் சரிசெய்ய எந்த வாரியத்தின் ஒப்புதலும் வேண்டாம். சீராக்கும் கருவி ஜாவாவில் இருக்கிறது, பைத்தானில் இருக்கிறது, பி.எச்.பி.யிலும் கோ மொழியிலும் கூடுதல் நூலகமாகக் கிடைக்கிறது. நம் பள்ளிக்கோ கோயிலுக்கோ தளம் நடத்தும் ஒருவர் இன்றே சோதித்துப் பார்க்கலாம்: தமிழ் முகவரி உள்ள ஒரு பக்கத்தை எடுத்து, ஓகாரத்தை ஒருமுறை ஒரே குறியாகவும் மறுமுறை கொம்பும் காலுமாகவும் தட்டிப் பாருங்கள். முகவரியில் லோரோங் இருந்தால் நான்கு முறை தட்ட வேண்டும்.